சந்தனப் பொட்டுக்குள் போன பாஸ்வேர்டு

வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தைத்தான் நான் முழுப் பக்தியோடு செய்திருக்கிறேன். அதனால் ஒருவருடைய வயல் தண்ணீரில் படுத்தது. (சாமியைக் குறை சொல்லவில்லை. தப்பு முழுக்க என் மோதிர விரலுடையது.)

அம்மாபேட்டைப் பக்கம் என் அக்கா நெல் அறுவடை மெஷின்களை வாடகைக்கு விடுகிறாள். நாலு மெஷின், நாலு டிரைவர். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வீட்டில் மல்லாந்து கிடந்த என்னைப் பிடித்து ஆபீசில் உட்கார வைத்தாள். முன்பதிவு, வங்கி, டீசல், மெஷின் எங்கே நிற்கிறது என்று காட்டும் இணையதளம் என எல்லாவற்றின் பாஸ்வேர்டும் ஆபீஸ் சுவரில் பேனாவால் எழுதியிருந்தது. டீ குடிக்க வருகிறவர்கள் அதைப் படித்துக்கொண்டே குடிப்பார்கள்.

"அக்கா, இது ரொம்ப ஆபத்து. பாஸ்வேர்டையெல்லாம் ஒரே பெட்டியில போட்டுப் பூட்டுற சாஃப்ட்வேர் இருக்கு" என்றேன்.

"நீதானே படிச்சவன், நல்லதா ஒண்ணு பாத்து எடு."

மூன்றைச் சோதித்தேன். முதலாவது, மறந்துபோனால் மெயிலில் வழி சொல்லும். இரண்டாவதில் அக்காவுக்கும் ஒரு சாவி கொடுத்து வைக்கலாம். இரண்டும் எனக்குச் சப்பென்று இருந்தன. மூன்றாவதோ, 'தலைமைப் பாஸ்வேர்டைத் தொலைத்தால் எங்களாலும் திறக்க முடியாது. ஐந்து முறை தவறாக அடித்தால் ஒரு நாள் முழுக்கப் பூட்டிக்கொள்ளும்' என்றது. ஆகா, இதுவல்லவா பாதுகாப்பு! எனக்குப் புல்லரித்துவிட்டது. (அப்போது வயது இருபத்து மூன்று. எதற்கெடுத்தாலும் புல்லரிக்கும்.)

தலைமைப் பாஸ்வேர்டு இருபத்திரண்டு எழுத்து. அந்த சாஃப்ட்வேரே உண்டாக்கிக் கொடுத்தது. மனப்பாடம் ஆகிற ஜாதியில்லை. வெள்ளைத்தாளில் மைப்பேனாவால் மணிமணியாக எழுதிவைத்தேன். பழைய பாஸ்வேர்டுகளையெல்லாம் மாற்றிப் பெட்டிக்குள் போட்டேன். சுவருக்கு வெள்ளையடித்தேன். அன்றைக்கு என் நடையே வேறு.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. குறுவை அறுப்பு மும்முரமான சமயம். இந்திராணியக்கா என்று ஒருத்தர், மூணு மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தார். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. பூஜையன்றைக்கே அறுத்துத் தரச்சொல்லிக் கேட்டார். "இன்னைக்கு மெஷினுக்கு ஓய்வு. நாளைக்குக் காலையில மொத வயலு உன்னோடதுதான்" என்று சொல்லி, மெஷினை அவர் வயலோரமே கொண்டுபோய் நிறுத்தச் செய்தாள் அக்கா.

அக்கா சொன்னால் போதாதா? டிரைவர் யாராவது தெரியாமல் ஓட்டிவிட்டால் என்னாவது என்று நான் மெஷின் இணையதளத்துக்குள் போய் நாலு இன்ஜினையும் தூரத்திலிருந்தே பூட்டினேன். பாதுகாப்புக்காக எல்லாவற்றிலிருந்தும் வெளியேறினேன். பிறகு லேப்டாப்பைப் பூஜையில் வைத்தேன். டிரைவர்கள் ஸ்பேனர் வைத்தார்கள். என் ஆயுதம் எது? அந்தத் தாள்தானே! நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, நடுவில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. இந்திராணியக்கா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"கருக்கிட்டு வருதும்மா. இந்த மழை விழுந்தா எந்திரிக்காது. இப்பவே இறக்கிவிட்டுருங்க, ஒங்களுக்குப் புண்ணியமா போவும்."

"பூஜையில வெச்சத எடுக்கக் கூடாதேக்கா" என்று நான் இழுத்தேன்.

"சாமி பொறுத்துக்கும்டா, மழை பொறுக்காது. எடு!" என்றாள் அக்கா.

எடுத்தேன். தாளைப் பார்த்தேன். பதினெட்டு எழுத்து பளிச்சென்று இருந்தது. நடுவில் நாலைக் காணோம். சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். மையும் சேர்ந்து வந்தது.

"மெஷின் தளத்துல பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு போட வேண்டியதுதானே?" என்றாள் அக்கா.

"போடலாம். மெயிலுக்கு வரும்."

"மெயில் பாஸ்வேர்டு?"

"பெட்டிக்குள்ள இருக்கு."

"பெட்டியோட பாஸ்வேர்டு?"

"பொட்டுக்குள்ள இருக்கு."

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டால், விடுமுறை என்று ஒரு குரல் இனிமையாகச் சொன்னது. தாளை வெளிச்சத்தில் பிடித்தோம். ஒன்று எட்டு மாதிரி இருந்தது, இன்னொன்று எஸ் மாதிரி. மற்ற இரண்டுக்கும் தோன்றியதைப் போட்டு அடித்தேன். தவறு. எட்டை மூன்றாக்கினேன். தவறு. அவசரத்தில் தெரிந்த எழுத்திலேயே ஒன்றை விட்டு அடித்தேன். அதுவும் ஒரு வாய்ப்பைத் தின்றது. வெளியே இடி. நாலாவதும் தவறு. இந்திராணியக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் திரையில் ஒன்றும் புரியவில்லை. என் முகம் நன்றாகப் புரிந்தது.

"வருமா, வராதா தம்பி? ஒண்ணு சொல்லிடுங்க."

ஐந்தாவது தடவை அடித்தேன். 'இருபத்து நாலு மணி நேரம் கழித்து முயலவும்.'

"வராதுக்கா" என்றேன்.

அவர் நேரே வீட்டுக்குப் போய், பொட்டு வைத்துப் படைத்திருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள். டிரைவர்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். நானும் இறங்கினேன். அதுவரை நான் அரிவாள் பிடித்ததே இல்லை. நாலாவது பிடியிலேயே சுண்டு விரலை அறுத்துக்கொண்டேன். வேட்டி நுனியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மறுபடி குனிந்தேன். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, பல லட்சம் ரூபாய் மெஷின் வரப்போரம் நின்று எங்களை வேடிக்கை பார்த்தது.

ஒரு மா அறுத்துத் தார்ப்பாய்க்குள் தள்ளுவதற்குள் மழை கொட்டியது. மீதி இரண்டு மாவும் எங்கள் கண்ணெதிரே படுத்தது. நான் அழுதேன். மழையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன், எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

தண்ணீர் வடிந்ததும் வாடகை வாங்காமல் அறுத்துக் கொடுத்தோம். பாதிக் கதிர் முளைவிட்டிருந்தது. மெஷின் கம்பெனிக்காரர்கள் வந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க ஒரு வாரம் ஆனது. இப்போது இருப்பது அந்தச் சப்பென்ற இரண்டாவது சாஃப்ட்வேர். ஒரு சாவி அக்காவிடம் இருக்கிறது. அவளுடையது இதுவரை தொலைந்ததில்லை.

இந்திராணியக்கா இன்றும் எங்களிடம்தான் மெஷின் எடுக்கிறார். இணையத்தில் முன்பதிவு வசதி இருந்தாலும் எனக்கு நேரே போன் செய்வார். நாள், நேரம் எல்லாம் பேசி முடித்து, வைப்பதற்கு முன்னால், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்க ஒரு கேள்வி கேட்பார்.

"ஏன் தம்பி, இந்தத் தடவ மெஷின் வருதா, இல்ல நீங்க வாறீங்களா?"