சேலத்துக்குப் போன சாப்பாட்டுப் பை

இன்னிக்கு காலையில எனக்கு இருந்தது ஒரே வேலைதான். பஸ்ஸுல ஜன்னலோர சீட்டு புடிக்கணும்.

ஏன்னா என்னால பிளாக் எழுத முடியற ஒரே நேரம், பாப்பிரெட்டிப்பட்டியில ஏறி தர்மபுரியில எறங்கற வரைக்கும்தான். வூட்ல இருந்தா அடுப்பு, பசங்க, மாடு. வேலைக்குப் போனா ஜவுளிக்கடையில பில் போடணும். முகூர்த்த சீசன்ல மூச்சு விடவே நேரமில்ல, இதுல கட்டுரை எங்க எழுதறது?

மூணு வெள்ளிக்கிழமையா பதிவு போடாம உங்களை ஏமாத்திட்டேன். "அக்கா, கடையை மூடிட்டீங்களா?"ன்னு ஒருத்தர் கமெண்ட்ல கேட்டுட்டார். ரோஷம் வந்துடுச்சு. இந்த வெள்ளியும் எழுதலைன்னா பிளாக்கையே நிறுத்திடறேன்னு வூட்டுக்காரர்கிட்ட சபதம் போட்டேன். அவர் முகத்துல ஒரு சந்தோஷம் தெரிஞ்ச மாதிரி இருந்தது.

பஸ் ஸ்டாண்டுல வண்டி வந்து நின்னதும் தள்ளுமுள்ளு. நம்ம ஊர் வழக்கப்படி ஜன்னல் வழியா சாப்பாட்டுப் பையைத் தூக்கிப் போட்டேன். துண்டோ பையோ, போட்டவங்களுக்குத்தான் சீட்டு. முதல் வரியை மனசுக்குள்ள யோசிச்சுக்கிட்டே சுத்தி வந்து படியில ஏறினேன்.

உள்ள போனா, என் சீட்டுல வெள்ளை வேட்டி கட்டின ஒருத்தர் உக்காந்திருக்கார்.

"அண்ணா, நான் பை போட்டு எடம் புடிச்சிருக்கேங்க."

"எந்தப் பைங்க?"

பையைக் காணோம். எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. பையை எங்க தள்ளி வுட்டீங்கன்னு சத்தமாவே கேட்டேன். பாவம் மனுஷன், எந்திரிச்சு சீட்டுக்கு அடியில குனிஞ்சு தேடினார். முன்சீட்டு அம்மா காலைத் தூக்கிக் காட்டினாங்க. கண்டக்டரும் வந்து தேடினார்.

அப்பத்தான் ஜன்னல் வழியா பார்த்தேன். பக்கத்துல நின்ன சேலம் பஸ் கிளம்பிப் போகுது. அதுல ஜன்னலோரமா என் பை ஜம்முனு உக்காந்திருக்கு.

அந்த அண்ணன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு எறங்கி ஓடினேன். புடிக்க முடியலை. டைம் கீப்பர் பாவம் பார்த்து, சேலம் வண்டி கண்டக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தார்.

"பை பத்திரமா இருக்குதுங்க. ஆளு வரும்னு ஒருத்தரும் அந்த சீட்டுல உக்கார மாட்டேங்கறாங்க. நாலு பேரு நின்னுக்கிட்டு வராங்க, உங்க பை உக்காந்துகிட்டு வருது."

சேலம் போய்த் திரும்ப மூணு மணி நேரம் ஆகுமாம். என் பர்ஸும் அந்தப் பைக்குள்ளதான். கையில இருந்தது போன் மட்டும்.

கடை மேனேஜரைக் கூப்பிட்டு, பை சேலம் போயிருக்கு, வந்ததும் வரேன்னு சொன்னேன். பை மட்டும் தனியாவா போச்சுன்னு ரெண்டு தடவை கேட்டார். அப்புறம் மத்தியானத்துக்கு மேல வாங்கன்னுட்டார்.

வூட்டுக்குப் போயிடலாமான்னு யோசிச்சேன். போனா மாவாட்டணும். பேசாம பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்துட்டேன்.

பத்து நிமிஷம் கழிச்சுத்தான் ஒரு விஷயம் புரிஞ்சது. என்னை யாருமே கூப்பிடலை. அடுப்பு இல்ல, பில் இல்ல, "அம்மா, என் ஜியாமெட்ரி பாக்ஸ் எங்க?" இல்ல. கல்யாணமாகி பதினோரு வருஷத்துல முழுசா மூணு மணி நேரம் எனக்கே எனக்குன்னு கிடைச்சிருக்கு. சொன்னா வெக்கம், கண்ணு கலங்கிடுச்சு.

போனை எடுத்தேன். நீங்க படிக்கறது அங்க உக்காந்து எழுதினதுதான்.

டைம் கீப்பர்கிட்ட விசாரிச்சுட்டேன், அடுத்த வெள்ளிக்கிழமை பையை ஓசூர் வண்டியில போட்டா திரும்பி வர சாயங்காலம் ஆகுமாம்.