சம்பந்தி வீட்டுச் சுவத்துல என் வில்லன்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். மகள் கோமதியோட நிச்சயதார்த்தத் தேதிய ஜோசியர் மஞ்சத் தாள்ல குறிச்சுக் குடுத்திருந்தாரு. அத பாடாங் மேஹாவுல இருக்கற மாப்பிள்ளை வீட்டுல குடுத்துட்டு வரணும்.

"குடுங்க, காப்பி குடிங்க, கிளம்புங்க. உங்க கதையப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதீங்க"ன்னு சொல்லித்தான் வீட்டம்மா அனுப்பினா.

நான் தொறக்கலங்க! சம்பந்தியம்மாதான் ஆரம்பிச்சாங்க.

"அண்ணே, ராசாத்தி கடைசியில யாருக்கு? ரப்பர் பால்மரம் வெட்டுற மாரிமுத்துவுக்கா, எஸ்டேட்டுக் கணக்கெழுதற கிராணிக்கா? சொல்லுங்கலா, எனக்குத் தூக்கமே வரல!"

பேஸ்புக்குல நான் வாராவாரம் எழுதற காதல் தொடர் அது, ஜப்பான்காரன் மலாயாவ ஆண்ட காலத்துக் கதை. படிக்கறவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். அதுல ஒருத்தங்க சம்பந்தியம்மான்னு தெரிஞ்சதும் எனக்குத் தலகால் புரியல.

"அப்படி என்ன கதை?"ன்னு சம்பந்தி பேப்பர மடிச்சு வச்சாரு.

போதாதா எனக்கு!

"கிராணிதான் வில்லன், சம்பந்தி. நடுவகிடு, வெள்ளைக் கால்சட்டை, கையில சைக்கிள். பொண்ணுங்களப் பாத்தா போதும், மணியடிச்சுக்கிட்டே கூலிக்காரங்க குடியிருக்கற லயத்தச் சுத்துவான். ராசாத்தி மசியல. அப்பதான் சயாம்ல ரயில் போட ஆள் கேட்டு ஜப்பான்காரன் வர்றான். போனவங்கள்ல பாதிப் பேரு திரும்பினதில்ல. லிஸ்ட் எழுதறது யாரு? நம்ம கிராணி. முதல் பேரே மாரிமுத்து!"

கைத்தட்டல எதிர்பார்த்தேன்.

சம்பந்தி என் தலைக்கு மேல பாத்தாரு. நானும் திரும்பினேன்.

சுவத்துல மாலை போட்ட படம். நடுவகிடு. வெள்ளைக் கால்சட்டை. பக்கத்துல சைக்கிள். மணி கூட இருந்துச்சுங்க!

"எங்கப்பா. எஸ்டேட்டுல பெரிய கிராணி"ன்னாரு.

கெடாவுல எந்த வீட்டுல கேட்டாலும் தாத்தா சயாமுக்குப் போனவராத்தான் இருப்பாரு. அனுப்பிவச்சவருக்கு மட்டும் புள்ளகுட்டியே இல்லாத மாதிரி பேசுவோம். அத நம்பித்தான் நானும் தைரியமா எழுதினேன்.

கோமதியும் அந்தப் பையனும் மூணு வருஷமா விரும்பறாங்க. இந்தச் சம்பந்திய சம்மதிக்க வைக்கறதுக்குள்ள ரெண்டு பேரும் பாதியா இளைச்சுட்டாங்க. இப்ப அப்பன் எழுதின காதல் கதையால மகள் காதல் நின்னுபோச்சுன்னா அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நிஜமாவே பயந்துட்டேன்.

"சம்பந்தி, அத்தனையும் கற்பனை! உங்கப்பா போயி லிஸ்ட் கிஸ்ட் எல்லாம்..."

"லிஸ்ட் எழுதினாரு!"ன்னு ஒரே அதட்டல். "ஜப்பான்காரன் அரிசி குடுத்தான், எழுதினாரு. ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்னப்ப எங்க வீட்டுல சோறு. அத நாங்க ஒளிச்சதில்ல. ஆனா பொம்பள பின்னாடி மணியடிச்சாருன்னு எழுதியிருக்கீங்களே, குடும்ப மானம் என்ன ஆவறது?"

"அப்ப லிஸ்ட்டு பரவால்லியாங்க?"ன்னு சம்பந்தியம்மா மெதுவா கேட்டாங்க.

"நீ சும்மா இரு. சம்பந்தி, கதைய மாத்துங்க. அப்புறம் தேதியப் பேசலாம்."

நான் குடுத்திருந்த மஞ்சத் தாள என் பக்கமே தள்ளி விட்டாரு.

எழுத்தாளனுக்குன்னு ஒரு கொள்கை இருக்கு. அது என்னன்னு யோசிக்கறதுக்குள்ள கை செல்போன எடுத்துடுச்சு.

அவரு சாப்பாட்டு மேசையிலயே உக்காந்து, ஒத்த விரலால தட்டி, அத்தியாயத்த மாத்தினேன். அவரு என் தோளுக்குப் பின்னாடியே நின்னாரு. சைக்கிள் மணியக் கழட்டினேன். கிராணி இப்ப ராசாத்திய ஏறெடுத்தும் பாக்கல. ஒரு மூட்டை அரிசிக்கு மாரிமுத்து பேர எழுதிக் குடுத்துட்டு, வீட்டுக்குப் போயி, திருநீறு பூசிக்கிட்டுப் படுத்துட்டான்.

போட்ட அஞ்சாவது நிமிஷம் ஒரு கமெண்ட். "காதலுக்காகச் செஞ்சிருந்தா கூட மன்னிச்சிருப்போம். அரிசிக்கா? தூ!"

அவரு கண்ணுல படறதுக்குள்ள அத நான் டக்குன்னு அழிச்சுட்டேன்.

சம்பந்தி கண்ணாடியப் போட்டு அத்தியாயத்த ரெண்டு தடவ படிச்சாரு. முகம் மலர்ந்துச்சு. மஞ்சத் தாள எடுத்துக் கண்ணுல ஒத்தி, சாமி படத்துக்கிட்ட வச்சுட்டு வந்து என் கையப் புடிச்சுக்கிட்டாரு.

"இப்பத்தான்லா சம்பந்தி, உங்க கிராணி நல்ல குடும்பத்துப் புள்ளையா இருக்கான்!"