சமத்துவப் பிழை

மனித குல வரலாற்றில் ஓர் இயந்திரம் சமத்துவத்தைப் பற்றிப் புகார் சொன்னது ஒரே ஒரு தடவைதான். அது 2007ஆம் ஆண்டு, மாத்தளையில், எங்கள் அலுவலகத்தில் நடந்தது. அந்தப் புகாரை நாங்கள் தீர்த்துவைத்த விதம் பல நாடுகளுக்குப் பாடமாக வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். இரகசியம் ஒன்றுமில்லை. வாசல் பலகையில் மூன்று மொழியிலும் மூன்று பெயர் இருக்கிறது. எது சரி என்று இன்னும் முடிவாகவில்லை. தோட்டத்து மக்களின் பிரஜாவுரிமைப் பதிவுகளைக் கணினியில் காப்பது எங்கள் கடமை. நான் மாணிக்கவாசகம், மொழிபெயர்ப்பாளர். பணிப்பாளர் திலகசிறி மாத்தயா பேசுவது சிங்களம். இங்கே அவர் தமிழ் பேசுவது என் கைங்கரியம். எங்காவது அவர் புத்திசாலியாகத் தெரிந்தால் அந்தக் குற்றமும் என்னுடையதே.

ஒருநாள் மின்சாரம் போய்த் திரும்பி வந்த வேகத்தில் சர்வர் படுத்துவிட்டது. யாரும் கலங்கவில்லை. பதிவுகளுக்கெல்லாம் மூன்று மாதம் முன்பு எடுத்த பிரதி ஒரு டேப்பில் இருந்தது. டேப் ஓட்டும் பெட்டிக்கும் சர்வருக்கும் நடுவே கட்டைவிரல் பருமனில் ஒரு கேபிள். டேப்பைப் போட்டு ஓட்டினால் பதிவுகள் கேபிள் வழியே திரும்பி வரவேண்டும். வரவில்லை. திரையில் சிவப்பு எழுத்தில் 'பரிட்டி எரர்' என்று வந்தது.

அதே நாள் வந்து சேர்ந்தவள் பாப்பம்மா. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவள் மகன் இருளாண்டி கொழும்பில் ஒரு கடையில் மூட்டை தூக்கினவன். அடையாள அட்டை இல்லாமல் வீதிச் சோதனையில் அகப்பட்டு, பொலிசில் உள்ளே இருந்தான்.

"எம் மவன் இந்த நாட்டு ஆளுன்னு ஒரு கடுதாசி குடுங்கய்யா. அதக் காட்டுனா விட்டுர்றோம்னு சொல்றாங்க."

"மெசின் ஒப்பமாட்டேங்குதும்மா."

"அதுகிட்ட நான் வேணும்னா பேசவாங்க? உள்ள அடிக்கிறாங்கய்யா."

உணர்ச்சிக்கு இடம்கொடுக்காத அலுவலகம் எங்களுடையது. அவளை வாங்கில் உட்காரச் சொல்லிவிட்டுக் கூட்டம் கூட்டினோம்.

பணிப்பாளர் என்னைப் பார்த்தார். "அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

அகராதியைப் புரட்டினேன். "பரிட்டி என்றால் சமத்துவம், சேர். சமத்துவத்தில் பிழை இருப்பதாக மெசின் சொல்கிறது."

பணிப்பாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அந்தச் சொல்லின் பூர்வீகம் அங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் அப்பா காலத்தில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் 'பரிட்டி', சம அந்தஸ்து என்று மேடையில் சொன்னவர்கள், கீழே இறங்கியதும் நாங்கள் சொல்லவில்லை என்றார்கள். அப்பேர்ப்பட்ட சொல்.

"யார் இதை மெசினுக்குச் சொல்லிக்கொடுத்தது?" பணிப்பாளரின் குரல் தாழ்ந்திருந்தது.

"தானாகத்தான் சொல்கிறது, சேர்."

"தானாக யாரும் இதைச் சொல்வதில்லை."

அரச இயந்திரம் அரசியல் பேசுவது அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவைக்கு முரணானது என்று கூட்டம் ஏகமனதாகத் தீர்மானித்தது. சிவப்பு எழுத்து வரும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினோம். மறுநாள் அது ஸ்டிக்கருக்குக் கீழே ஒரு வரி தள்ளி வந்தது. இயந்திரத்தின் பிடிவாதத்தை அப்போதுதான் உணர்ந்து, கண்டியிலிருந்து நுஹ்மானை வரவழைத்தோம். சர்வரை விற்ற கொம்பனியின் எஞ்சினியர், மாத்தளை ஆள்தான்.

அவர் கேபிளைத் தடவிக்கொண்டு போய் அதன் கோடியில், டேப் பெட்டிக்குப் பின்னால் நின்றார். "இந்தக் கடைசில ஒரு அடைப்பு ஈக்கணுமே சேர், டெர்மினேட்டர். கறுப்பா, கட்டையா, வயர் ஒண்ணும் இல்லாம. அது எங்க?"

அது எங்கள் பெருமைமிகு வரலாற்றின் ஒரு பகுதி. இரண்டு மாதம் முன்பு எங்கோ குண்டு வெடித்ததைத் தொடர்ந்து அலுவலகம் முழுவதும் சோதனை நடந்தது. டேப் பெட்டியின் முதுகில் கறுப்பாக ஏதோ மாட்டியிருப்பதை எங்கள் பாதுகாப்பு உத்தியோகத்தர் கண்டார். வயர் இருந்தால் மின்சாரத்துக்கு என்று விட்டிருப்பார். வயரே இல்லாமல் ஒரு பொருள் எதற்கு? கழற்றி, பையில் போட்டு, முத்திரை வைத்து, 'சந்தேகத்துக்கிடமான பொருள்' என்று பொலிசில் ஒப்படைத்தோம். விழிப்புணர்வுக்காகப் பணிப்பாளருக்கு மாலை போட்டார்கள்.

"அது இல்லாட்டி கேபிள்ல போறதெல்லாம் கோடில முட்டித் திரும்பி வரும்" என்றார் நுஹ்மான். "ரிவர்ஸ்டன் மலைல நிண்டு கூப்பிட்டா நம்மட சத்தமே திரும்பி வருமே, அப்பிடி. வாறதும் போறதும் கலந்து எழுத்து மாறிப் போகுது. ஒவ்வொரு எழுத்தோடயும் ஒரு காவல்காரன் வாறான். எழுத்து மாறினா அவன் கத்துவான். அந்தக் கத்தலத்தான் பரிட்டி எரர் எண்டு செல்றது. பொலிசில போய் அத வாங்கிட்டு வாங்க, சரியாப் போகும்."

பொலிசுக்குத் தொலைபேசியில் பேசினோம். தாராளமாகத் தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பொருள் தன்னுடையது என்று யாராவது ஒருவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், பிறகு அவரை விசாரிப்பார்கள், அவ்வளவுதான்.

அந்த மரியாதையை நான் பணிப்பாளருக்கு விட்டுக்கொடுத்தேன். அவர் நுஹ்மானுக்கு விட்டுக்கொடுத்தார். நுஹ்மான் எனக்கே திருப்பித் தந்தார். மூன்று சமூகங்களும் முழு மனதோடு ஒரே கருத்தில் நின்றதை நான் கண்ணால் கண்டது அன்று மட்டும்தான்.

"வேறு வழியே இல்லையா?" என்றார் பணிப்பாளர்.

நுஹ்மான் தயங்கினார். "காவல்காரன நிப்பாட்டலாம் சேர். பரிட்டி பாக்காதே எண்டு மெசின்ல போட்டுடலாம். ஆனா அது..."

"போட்டால் கத்துமா?"

"கத்தாது. ஆனா பிழை அப்பிடியே ஈக்கும். யாருக்கும் தெரிய வராது."

பணிப்பாளரின் முகம் மலர்ந்தது. "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

சமத்துவம் நிறுத்தப்பட்டது. டேப் கடைசிவரை ஓடியது. 'பிழைகள்: பூச்சியம்' என்று திரையில் வந்தபோது எல்லோரும் கை தட்டினோம். நுஹ்மான் மட்டும் தட்டவில்லை; கொம்பனி ஆட்களுக்கு அரச சேவையின் மகத்துவம் புரிவதில்லை. இருளாண்டியின் அத்தாட்சி அன்றே அச்சாகி வந்தது. அத்தனை நாளும் வாங்கை விட்டு நகராத பாப்பம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொழும்பு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுகிழமை திரும்பி வந்தாள்.

"ஐயா, இந்தக் கடுதாசில இருக்கிற கெழவன் யாருன்னு கேக்குறாங்க."

வாங்கிப் பார்த்தேன். மகன் பிறந்தது 1979. அத்தாட்சியில் 1939. வழியில் எங்கோ ஓர் ஏழு மூன்றாகியிருந்தது. காவல்காரன் இல்லாததால் யாரும் கத்தவில்லை.

"எம் மவனுக்கு அறுபத்தெட்டு வயசாம். எனக்கே அம்பதுதாங்கய்யா. வேற ஆளு கடுதாசியத் திருடிட்டான்னு இப்ப ஆள்மாறாட்டக் கேசும் போட்டுட்டாங்க. கண்ணு வீங்கியிருக்கு அவனுக்கு. என்னய வெளிச்சத்துல பாக்க மாட்டேங்கிறான்."

பணிப்பாளரிடம் கொண்டுபோனேன். அவர் நிதானமாகத் திரையைப் பார்த்தார். "மெசின் என்ன சொல்கிறது?"

"பிழைகள் பூச்சியம் என்கிறது, சேர்."

"அப்படியானால் பிழை அந்தப் பொம்பளையிடம்தான்."

"அவள் பெற்றவள், சேர்."

"பெற்றவர்களிடம் சரிபார்க்கும் வசதி இருக்கிறதா? மெசினிடம் இருக்கிறது. நாம்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பெருமையில்தான் இருக்கவேண்டும்.

கொழும்பில் தலைமையகம் கணக்கெடுத்தபோது, தீவு முழுவதிலும் ஒரு பிழைகூட இல்லாத ஒரே அலுவலகம் எங்களுடையது என்று கண்டார்கள். பாராட்டு வந்தது. அதை ஊரறியச் செய்ய வாசலில் புதுப் பலகை மாட்டுவதென்று பணிப்பாளர் தீர்மானித்தார். தமிழ் வரியை நான் எழுதிக் கொடுத்தேன்: 'இங்கே சமத்துவப் பிழை இல்லை.'

பெயின்டருக்குத் தமிழ் தெரியாது. சிங்களத்தைப் பெரிதாகவும் ஆங்கிலத்தை அழகாகவும் எழுதி முடித்தபோது அடியில் ஒரு விரற்கடை இடம்தான் மிஞ்சியது. தமிழ் வரியை அதற்குள் அமுக்கினார். 'ப்' என்ற எழுத்துக்கு அவர் கையில் ஒரு சுழி கூடி அது 'ம்' ஆகிவிட்டது. இடம் போதாமல் நடுவில் ஒரு சொல்லையும் விட்டுவிட்டார்.

திரை நீக்கும் வைபவத்துக்குக் குத்துவிளக்கு, மேளம், பால்சோறு எல்லாம் இருந்தன. கூட்டத்தின் ஓரத்தில் பாப்பம்மா, கசங்கிய அத்தாட்சியோடு. அவள் மகன் இன்னும் உள்ளேதான்.

"அடியில நம்ம எழுத்தா இருக்குங்களே, என்னாங்கய்யா போட்டிருக்கு?"

வாசித்துச் சொன்னேன். "இங்கே சமத்துவம் இல்லை."

அவள் பலகையை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். "அதான் தெரியுமேங்க. இதுக்கு எதுக்குங்க மேளம்?"

பணிப்பாளர் கழுத்து மாலையோடு என்னிடம் வந்தார். தமிழ் விஷயத்தில் அவர் எப்போதும் கவனம். "மாணிக்கவாசகம், நன்றாகச் சரிபார்த்துச் சொல்லுங்கள். தமிழ் வரியில் பிழை ஏதும் இருக்கிறதா?"

நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன்.

"ஒரு பிழையும் இல்லை, சேர்" என்றேன்.