பூச்சி அண்ணையும் அக்கரைக்குப் போன சால்மனும்

ஓய்வுபெற்ற ஒரு ஜெர்மன் நீதிபதியை இடுப்பளவு குளிர்தண்ணீரில் நிற்கவைத்து, "மொக்கா" என்று ஏசிவிட்டு, அதற்கு அவரிடமிருந்தே நன்றியும் வாங்கிய தமிழன் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பூச்சி அண்ணை. அவருடைய சொந்தப் பெயர் அகதி விண்ணப்பத்தில் இருந்தது. அதை உச்சரிக்க ஜெர்மன் அதிகாரிகளுக்கு முடியவில்லை, எங்களுக்குத் தேவைப்படவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. வட ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர், ஆற்றங்கரையில் ஒரு பழைய பாடசாலைக் கட்டடம், அதற்குள் அகதிகளாக நாங்கள் முப்பத்திரண்டு பேர். அந்த விடுதியை ஹைம் என்பார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. சாப்பிடலாம், நித்திரை கொள்ளலாம், கடிதம் வருகிறதா என்று வாசலைப் பார்க்கலாம். இந்த மூன்றையும் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்துவந்தோம். பூச்சி அண்ணை மட்டும் ஆற்றைப் பார்த்தார்.

கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் சுத்த சைவம். குசினியில் மீன் குழம்பு கொதித்தால் அன்றைக்கு முழுக்க வெளியில்தான் நிற்பார். ஊரில் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுவதுதான் வேலை. ஒரு நிமிடம் பிந்தி வந்த பஸ்ஸை நேரத்துக்கு வந்ததாக அவர் ஒருநாளும் எழுதியதில்லை. சொந்த மைத்துனர் ஓட்டிவந்த பஸ்ஸையும் பிந்தியது என்றே எழுதி, அதன் பிறகு தங்கச்சி வீட்டுப் படலையைத் திறக்க முடியாமல் போனவர்.

ஜெர்மனிக்கு வந்த பிறகு எழுதுவதற்கு பஸ் இல்லை. கை சும்மா இருக்குமா? ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய் மீன்களை எழுதத் தொடங்கிவிட்டார். "ஏழு நாற்பது. பெரிசு ஒண்டு. சாய்ஞ்ச மரத்தடியில் தரிப்பு. ஏழு ஐம்பத்திரண்டு, மேல்நோக்கிப் புறப்பாடு." இப்படியே பக்கம் பக்கமாக எழுதினார். நாங்கள் எல்லோரும் அவருக்கு விசர் என்று ஏகமனதாக முடிவுசெய்தோம்.

அந்த ஆற்றில்தான் நீதிபதி மீன் பிடிப்பார். மார்புவரைக்கும் றப்பர் காற்சட்டை, நீளக் கம்பு, அதன் நுனியில் புழு இல்லை. இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றி ஒரு பொய்ப் பூச்சி கட்டி, அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றுவது. அவருடைய தாத்தா காலத்தில் அந்த ஆற்றுக்குக் கடலில் இருந்து சால்மன் வருமாம். பிறகு அணை கட்டி, அழுக்கு கலந்து, ஒன்றும் இல்லாமல் போயிற்று. நீதிபதியும் அவருடைய கூட்டாளிகளும் சில வருடங்களுக்கு முன் வேறு நாட்டு சால்மன் குஞ்சுகளைக் கொண்டுவந்து ஆற்றில் விட்டிருந்தார்கள். கடலுக்குப் போன குஞ்சு வளர்ந்து, முட்டையிடத் திரும்பி வருகிறதா என்று இலையுதிர்காலம் தோறும் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

ஒருநாள் நீதிபதி தண்ணீரில் நின்று கம்பை வீசிக்கொண்டிருக்க, கரையில் நின்ற பூச்சி அண்ணைக்குப் பொறுக்கவில்லை. கைதட்டிக் கூப்பிட்டு, மணிக்கூட்டைக் காட்டி, சாய்ந்த மரத்தைக் காட்டினார். ஏழு நாற்பது. நீதிபதி அங்கே வீசினார். முழங்கை நீளத்தில் ஒரு கடல் ட்ரவுட் மீன் வந்து மாட்டியது. அன்றிலிருந்து கிழமையில் நாலு நாள் நீதிபதியின் கார் எங்கள் ஹைம் வாசலில் நின்றது.

வழிகாட்டி என்றால் இப்படி ஒரு வழிகாட்டி. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். மீன்பிடி அனுமதிப் பத்திரம் இல்லாதவர் கம்பைத் தொட்டால் அது தனி வழக்கு. ஆகவே முழு வேலையும் வாயால்தான். அவருக்கு ஜெர்மன் தெரியாது, எனக்குக் கொஞ்சம் தெரியும். ஹைமின் மொழிபெயர்ப்பாளன் என்ற தகுதியில் என்னையும் பனிக்குள் இழுத்துக்கொண்டு போவார்.

"எட மொக்கா, ஏன்ரா இப்பவே இழுக்கிறாய்? உனக்கென்ன ரெயின் போகப்போகுதே?" என்பார் பூச்சி அண்ணை.

"மதிப்புக்குரிய ஐயா சற்றுப் பொறுத்தால் நல்லது என்கிறார்" என்பேன் நான்.

"டங்கே" என்று நன்றி சொல்வார் நீதிபதி.

பிறகு பூச்சி கட்டவும் தொடங்கினார். ஹைமில் தலையணைகள் ஒவ்வொன்றாக மெலிந்தன. தேவாலயத்தில் எனக்குத் தந்த செம்மஞ்சள் ஸ்வெட்டருக்கு ஒரு கை காணாமல் போயிற்று. ஒருநாள் நான் கதிரையில் கண்ணயர்ந்து எழும்பிப் பார்த்தால் மீசையில் ஒரு பக்கம் இல்லை. கத்தரிக்கோலும் கையுமாக எதிரில் நிற்கிறார்.

"குறை நினைக்காதை தம்பி. சால்மன் ஆத்துக்குள்ள வந்தால் விரதம், ஒண்டும் தின்னாது. கோபம் வந்தால்தான் கடிக்கும். உன்ர மீசையைப் பாத்தால் ஆருக்கும் கோபம் வரும்."

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. எங்களுக்குத் தந்த கடதாசியில், இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அந்த ஆறுதான் எல்லை. இக்கரை எங்கள் மாவட்டம், அக்கரை அடுத்த மாவட்டம். பூச்சி அண்ணை ஏற்கெனவே இரண்டு தரம் பிடிபட்டவர். முதல் தரம், கொலோனில் ஒரு கலியாணத்துக்குப் போகும்போது. இரண்டாவது தரம் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பஸ் கடைசித் தரிப்பிடத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க, இறங்காமல் இருந்து எல்லை தாண்டிவிட்டார். அங்கே பிடித்த பொலிஸ்காரரிடம், பஸ் நாலு நிமிடம் பிந்திவிட்டது என்று முறைப்பாடு வேறு.

அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். மேன்முறையீட்டு விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள், டெர்மின் என்பார்கள். வழக்கறிஞர் என்னிடம் தெளிவாகச் சொன்னார்: "மூன்றாவது தரம் பிடிபட்டால் அந்த அறிக்கை நேரே கோப்புக்குள் போகும். பிறகு என்னைக் கேட்க வேண்டாம்." அந்த நாட்களில் திருப்பி அனுப்பப்பட்டு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிற தமிழனுக்கு என்ன நடக்கும் என்று எங்கள் முப்பத்திரண்டு பேருக்கும் தெரியும். அதற்குப் பிறகு பூச்சி அண்ணை ஆற்றுக்குள் நாலு அடிக்கு மேல் இறங்குவதில்லை. பாலத்தில் நடந்தாலும் நடுவில் நின்று திரும்பிவிடுவார்.

டெர்மினுக்குப் பத்து நாள் இருக்கும்போது அது வந்தது.

காலை எட்டு மணி. என் மீசையும் ஸ்வெட்டர் நூலும் சேர்ந்த அந்தப் பூச்சி தண்ணீரில் இறங்கி இரண்டு ஆள் நீளம் போயிருக்காது, ஆறு வெடித்த மாதிரி ஒரு அடி. கம்பு வில்லாக வளைந்தது. வெள்ளிப் பக்கம் ஒன்று புரண்டு மறைந்தது. நீதிபதியின் வாய் திறந்தபடியே இருந்தது.

"அவள்தான், சால்மன்! விடு, விடு, நூலை விடு! டேய் கிழடு, இறுக்காதை!"

இதை மொழிபெயர்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை, நீதிபதிக்குத் தேவைப்படவும் இல்லை. கால் மணி நேரம் அவள் ஓடினாள், நீதிபதி நூலை விட்டார். பிறகு ஒரே பாய்ச்சலில் அக்கரைக்குப் போய், விழுந்து கிடந்த ஒரு மரத்தின் வேருக்குள் நுழைந்தாள். நூல் வேரில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை, விட்டாலும் போகவில்லை. தேத்தண்ணி நிறத் தண்ணீரில் அந்தப் பெரிய வால் அடித்துக்கொண்டேயிருந்தது.

நீதிபதி முன்னே ஓர் அடி வைத்தார். ஆற்றின் நடுவில் ஆளை மூடுகிற ஆழம். அந்த றப்பர் காற்சட்டைக்குள் தண்ணீர் புகுந்தால் மனிதன் கல்லுப் போலப் போய்விடுவார். நூலை அறுக்கலாம். அறுத்தாலும் மீன் வேரில் கட்டுப்பட்டபடியே சாகும். பாலத்தால் சுற்றிப் போக அரை மணி நேரம்.

அப்போதுதான் அக்கரையைப் பார்த்தேன். சைக்கிளைப் பிடித்தபடி ஒரு பொலிஸ்காரர். நாலு நிமிட முறைப்பாட்டைக் கேட்டாரே, அதே ஆள்.

பூச்சி அண்ணை சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பொலிஸ் நிக்குது!"

"தெரியும். எனக்கும் கண் கிடக்கு."

"பத்து நாளில டெர்மின் அண்ணை! உங்களுக்கென்ன விசரே?"

நீதிபதியும் விளங்கிக்கொண்டார். என்னைப் பார்த்து, "வேண்டாம் என்று சொல். மீன் போனால் போகட்டும்" என்றார். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த மீனை அப்படிச் சொல்ல அவருக்கு என்ன பாடாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

பூச்சி அண்ணை சேர்ட்டைக் கழற்றி என் கையில் தந்தார். "தம்பி, அவள் வயித்துப்பிள்ளைக்காரி. உப்பிடிக் கட்டிப்போட்டிட்டு, பிறகு நான் எந்த முகத்தோட போய் எனக்கு அடைக்கலம் தாங்கோ எண்டு கேக்கிறது?"

நான் வாய் திறப்பதற்குள் மனிதன் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். நடுவில் தலை ஒருதரம் மறைந்தது. நான் சேர்ட்டைப் பிழிந்துகொண்டு நின்றேன், அது நனைந்திருக்கவே இல்லை. தலை மேலே வந்தது. அக்கரையோரம் போய், மூச்சைப் பிடித்துக் குனிந்து, வேரில் இருந்து நூலை எடுத்தார். மீனின் வாயில் இருந்து முள்ளைக் கழற்றினார். பிறகு தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றார். வால் ஒருதரம் அசைந்தது. இன்னொருதரம் அசைந்தது. போய்விட்டாள்.

பொலிஸ்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சட்டைப்பையில் இருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

இங்கேதான் நீதிபதி முப்பது வருட நீதிமன்றக் குரலை எடுத்துவிட்டார். "நில்லுங்கள்! மாவட்ட எல்லை ஆற்றின் மிக ஆழமான இடத்தால்தான் போகிறது! அந்த வேருக்கும் உங்கள் கரைக்கும் இடையில்தான் ஆழம். அவர் நிற்பது அதற்கு இந்தப் பக்கம். எங்கள் மாவட்டம்!"

அப்படி ஒரு சட்டம் உண்மையில் இருக்கிறதா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. பொலிஸ்காரருக்கும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவர் குனிந்து பார்த்தார். அந்த நிறத் தண்ணீரில் எதுவும் தெரியாது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "கரையோரம் ஆழம்தானா என்று அவரையே கேள்" என்று சத்தமாகச் சொன்னார்.

கேட்டேன். என்ன பதில் வரும் என்று கேட்கும்போதே தெரியும். இந்த மனிதனைத் தெரியாதா எனக்கு?

"கரையோரத்திலயோ?" பூச்சி அண்ணைக்குக் குளிரில் பல்லடித்தது, கோபத்தில் இன்னும் அடித்தது. "ஆர் சொன்னது? முழங்காலுக்கும் காணாது. ஆழம் உங்கை, நடுவில! இவ்வளவு நாள் படிப்பிச்சும் உந்த மனிசனுக்கு ஆறு தெரியேல்லை. நான் சொன்னதை அப்பிடியே சொல்லு தம்பி!" சொல்லிவிட்டு ஆற்றின் நடுவை நோக்கிக் கையையும் நீட்டினார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆம், கரையோரம் மிகவும் ஆழம் என்கிறார். கையால் காட்டுவது மீன் போன பாதையை" என்றேன். ஜெர்மன் மொழியில் அவ்வளவு சுத்தமான வசனம் அதற்கு முன்னும் பின்னும் என் வாயில் வந்ததில்லை.

தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். மனிதன் விடுவாரா? "காட்டுறன் பார், எவ்வளவு ஆழமெண்டு" என்று சொல்லி, கரைப் பக்கம் போய் நின்று காட்ட ஒரு காலைத் தூக்கிவிட்டார்.

"அண்ணை, அசையாதேங்கோ! இன்னொரு மீன் உங்கட காலடியில நிக்குது!"

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. ஒற்றைக்காலில், கொக்குப் போல, அந்தக் குளிரில், மூச்சும் விடாமல் நின்றார்.

பொலிஸ்காரர் அவரை வெகுநேரம் பார்த்தார். நான் சொன்னதை அவர் நம்பியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "உண்மையிலேயே சால்மனா?"

இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பூச்சி அண்ணை இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நீதிபதி அக்கரையைப் பார்த்துத் தலையாட்டினார், அவருடைய கண் கலங்கியிருந்தது. பொலிஸ்காரர் புத்தகத்தை மூடி பைக்குள் வைத்தார். "தண்ணீர் குளிர். சீக்கிரம் அவருடைய கரைக்குப் போகச் சொல்" என்றார்.

ஹைமுக்கு வந்து, மூன்று போர்வைக்குள் இருந்து பூச்சி அண்ணை கேட்டார்: "தம்பி, நான் சொன்னதை அப்பிடியே சொன்னனிதானே?"

"ஓம் அண்ணை, அப்பிடியேதான்."

"பாத்தியே! உண்மையைச் சொன்னபடியால்தான் அவன் விட்டவன்."

பத்தாம் நாள் டெர்மினுக்குப் போனார். கோப்பில் மூன்றாவது அறிக்கை இல்லை. அடுத்த வருடம் அனுமதி கிடைத்தது, மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். இப்போது கொலோனில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். எந்தக் கலியாணத்திலும் நாலு பேரைப் பிடித்து இருத்தி, ஜெர்மன் பொலிசிடம் உண்மை பேசித் தப்பிய கதையைச் சொல்வார். "கேட்டுப் பாருங்கோ, இவன்தான் சாட்சி" என்று என்னைக் காட்டுவார். நானும் தலையாட்டுவேன்.

நடந்ததை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தரம் வாயெடுத்திருக்கிறேன். சொன்னால் மனிதன் அடுத்த ரெயினில் வடக்கே போய், அந்தப் பொலிஸ்காரரைத் தேடிப்பிடித்து, அண்டைக்குக் கரையோரம் முழங்காலளவுதான் என்று திருத்திவிட்டுத்தான் வருவார். வயது எண்பத்திரண்டு. அங்கே பனி அதிகம். அவருக்கு ஒன்று ஆகினால் எனக்குத் தாங்க ஏலாது.