தண்ணிக்குள்ள ஒரு வெள்ளை வேட்டி

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. தங்கச்சி ரேவதியையும் அவளைக் கட்டிக்கப் போற பிரசாத்தையும் தண்ணிக்கடியில வச்சு ஒரு வீடியோ எடுக்கணும்.

ரேவதி சித்தப்பா பொண்ணு. நீச்சல் சொல்லிக் கொடுக்குற டீச்சர். அதனால கல்யாண வீடியோவும் தண்ணிக்குள்ளதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. நான் மட்டாஞ்சேரியில கல்யாணம், கடை திறப்புன்னு வீடியோ எடுத்துப் பொழைக்கிறவன். தண்ணிக்குள்ள எடுத்ததே இல்ல. அதை எடுத்துச் சொல்ல வேண்டிய நேரத்துல வாய் நிறைய புட்டு இருந்துச்சு. முழுங்கி முடிக்குறதுக்குள்ள சித்தப்பா, "நம்ம பய இருக்கும்போது வெளியாள் எதுக்கு"ன்னு முடிவு பண்ணிட்டார்.

மாப்பிள்ளையோட அம்மா பாலக்காட்டுக்காரங்க. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "தம்பி, நான் ஆசையா எடுத்துக் கொடுத்த அரக்குப் புடவை. அது அரக்காவே தெரியணும். கறுப்பா கிறுப்பா தெரிஞ்சுதுன்னா எங்க சொந்தக்காரங்க வாயை என்னால மூட முடியாது."

"அதெல்லாம் பார்த்துக்கலாம்மா"ன்னேன். இந்த வார்த்தையைச் சொல்லி நான் உருப்பட்டதா சரித்திரமே இல்ல.

அப்புறம்தான் ராத்திரி பூரா படிச்சுப் பார்த்தேன். தண்ணி மொதல்ல முழுங்குற கலரே சிவப்புதானாம். அதுக்கு ஒரு வழி இருக்கு. எடுக்கப் போற அதே ஆழத்துல, கேமராவுக்கு முன்னாடி சுத்தமான வெள்ளையா ஒண்ணைக் காட்டி, "இதுதான் வெள்ளை"ன்னு ஒரு பட்டனை அமுக்கணும். மத்த கலரையெல்லாம் அதை வச்சு கேமராவே சரி பண்ணிக்கும். அதுக்குன்னே வெள்ளை அட்டை விக்கிறான். வாங்கியும் வச்சேன்.

ஞாயித்துக்கிழமை காலைல பள்ளுருத்தியில இருந்த நீச்சல்குளத்துக்குப் போய் இறங்கினா, அட்டை என்கிட்ட இல்ல. வந்த ஆட்டோவுல பத்திரமா போயிட்டிருக்கு.

குளத்துத் தண்ணி லேசா பச்சை. சோதனைக்கு ஒரு அரக்கு ரவிக்கைத் துணியை முக்கி எடுத்துப் பார்த்தேன். வீடியோவுல குடைத்துணி மாதிரி கறுப்பா இருந்துச்சு. பிரசாத்துக்கு அன்னிக்கு ஒரு நாள்தான் லீவு. அஞ்சு மணி பஸ்ஸுக்குத் திரும்பணும்.

"வெள்ளையா ஏதாவது வேணும் சித்தப்பா. நல்ல வெள்ளை."

சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அவரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். சுள்ளிக்கல்ல நாப்பது வருஷமா சலவைக்கடை வச்சிருக்கார். விரல் நகத்துல எப்பவும் ஒரு நீலம் ஒட்டியிருக்கும். வேட்டியை அவர்கிட்ட கொடுத்தா, வாங்கும்போது கண்ணு கூசும்.

"டேய், என்கிட்ட வந்து வெள்ளை கேக்குற"ன்னுட்டு பையைத் திறந்தார். மடிப்புக் கலையாத எட்டு முழம். "இதைவிட வெள்ளை இந்த ஜில்லாவுலயே கிடையாது கேட்டியா."

எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துடுச்சு. அட்டை தொலைஞ்சதே நல்லதுக்குத்தான்னு தோணுச்சு.

வேட்டியைத் தண்ணிக்குள்ள விரிச்சேன். அது சலவைக்கடை வேட்டி, கஞ்சி போட்டதுங்குறது எனக்கு அப்போ ஞாபகம் வரல. சுத்தி ஒரு ஆள் நீளத்துக்குத் தண்ணி பாலாயிடுச்சு.

குளத்தைப் பார்த்துக்குற தோமஸ் சேட்டன் ஓடி வந்தார். "எந்தா மோனே இது, கஞ்சியோ? பயறும் பப்படமும்கூடி எடுக்கட்டே?"

தொட்டுக்கப் பயறும் அப்பளமும் கொண்டு வரவான்னு கேக்குறார்.

"ஸாரி சேட்டா, இப்போ தெளிஞ்சிரும்."

தெளிய ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. எல்லாரும் கரையில உக்காந்து சாயா குடிச்சோம். ரேவதி ஒரு வார்த்தை பேசல. அவ திட்டினாக்கூட தாங்கிக்குவேன், பேசாம இருந்தாத்தான் பயம்.

அப்புறம் மறுபடி வேட்டியைக் காட்டி, பட்டனை அமுக்கி, எடுத்தேன். ரேவதி மீன் மாதிரி போனா. பிரசாத் நீச்சல் தெரியாதவன், ஒரு கையால படிக்கட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே காதலிச்சான். மேல வந்து பார்த்தா உச்சி வெயில்ல கேமரா திரையில என் மூஞ்சிதான் தெரியுது. அரக்கு கறுப்பா இல்லைங்குறது மட்டும் புரிஞ்சுது. "சூப்பர்"னு சொல்லிட்டேன்.

வீடியோவை என் போனுக்கு மாத்தி வச்சுட்டுத் தலை துவட்டப் போனேன். அந்த அஞ்சு நிமிஷத்துல சித்தப்பா பெருமை தாங்காம அதை ரெண்டு வீட்டுக் குடும்ப குரூப்லயும் போட்டுட்டார்.

பாலக்காட்டுல இருந்து போன் வந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டார் சித்தப்பா, பாராட்டை எல்லாரும் கேக்கட்டும்னு.

"அண்ணே, பொண்ணுக்கு எத்தனை நாளா மஞ்சக்காமாலை?"

சித்தப்பா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, பொண்ணை விடுங்க. எம்பையன் காலைல இங்கேருந்து நல்லாத்தானே கிளம்பினான்? ஒரே நாள்ல அவனுக்கும் முழி மஞ்சளாயிருக்கு! அது என்ன தண்ணி அண்ணே? அவனை உடனே கரையேத்துங்க. கீழாநெல்லி கொடுத்து ஆளனுப்புறேன். கல்யாணத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

போனை நிழலுக்குக் கொண்டு போய்ப் பார்த்தேன். புடவை ஆரஞ்சு. ரெண்டு பேர் பல்லும் பழுத்த வாழைப்பழம். ரேவதி எட்டிப் பார்த்துட்டு, அன்னிக்கு முதல் தடவையா வாயைத் திறந்தா. "அண்ணா, என் கல்யாணம் நின்னுச்சுன்னா உன்னைத் தண்ணிக்குள்ளயே விட்டுருவேன்."

வெள்ளையைத்தானே காட்டினேன்? குளத்தோரமா இருந்த தோமஸ் சேட்டனோட சமையல்கட்டுல போய் நின்னேன். அவர் மீன் குழம்புக்குத் தேங்காய் உடைச்சிட்டு இருந்தார். கையில இருந்த வேட்டியைச் சும்மா அந்தத் தேங்காய் மூடி பக்கத்துல வச்சேன்.

வேட்டி நீலமா இருந்துச்சு.

வெள்ளையே இல்ல. நீலத்துல முக்கி முக்கி நம்ம கண்ணை ஏமாத்துன வெள்ளை. அந்த நீலத்தைக் காட்டி இதுதான் வெள்ளைன்னு நான் சொல்ல, கேமரா என்னை நம்பி, மிச்சம் எல்லாத்தையும் மஞ்சளாக்கிடுச்சு. தப்பு கேமரா மேல இல்ல. ஆனா நாப்பது வருஷப் பெருமைக்கு முன்னாடி நின்னு இதை யாரு சொல்றது?

நான் சொல்லல. தேங்காய் மூடியோட வந்தேன்.

"அது எதுக்கு? என் வேட்டில என்ன குறை?"ன்னார் சித்தப்பா.

"ஒரு குறையும் இல்ல சித்தப்பா. உங்க வெள்ளையைத் தாங்குற அளவுக்கு இந்தக் கேமராவுக்குத் தெம்பு இல்ல."

அவருக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஈர வேட்டியை உதறிக் கட்டிக்கிட்டு, படிக்கட்டுல இடுப்பளவு தண்ணியில இறங்கி, தேங்காய் மூடியைத் தானே பிடிச்சு நின்னார். பட்டனை அமுக்கினேன். எடுத்தேன். நாலு மணிக்கு அனுப்பிட்டு, பதிலுக்காகப் பிள்ளையாரை வேண்டிக்கிட்டு உக்காந்தேன்.

பாலக்காட்டம்மா குரல் பதிவு வந்துச்சு. மறுபடியும் ஸ்பீக்கர்.

"தம்பி, இப்பத்தான் உசுரு வந்துச்சு. புடவை கடையில பார்த்த மாதிரியே அச்சு அசல் அரக்கு. ரெண்டு பேரும் கண்ணுக்கு லட்சணமா இருக்காங்க. கீழாநெல்லி வேண்டாம். ஒரு சந்தேகம் மட்டும். பின்னாடி படிக்கட்டுல நிக்கிறது அண்ணன்தானே? அவர் ஏன் நீல வேட்டி கட்டியிருக்கார்?"

கல்யாணத்துக்கு நான் கட்டறதுக்காகச் சித்தப்பா கடையில போட்டிருந்த வேட்டி நேத்து வீட்டுக்கு வந்துச்சு, வெளுக்காமலே.