பௌலிங் பைக்குள் கால்குலஸ்

"மிஸ்டர் வெர்லின் குச்செராவா?"

"ஆமா, சொல்லுங்க."

"அகாடமியிலேர்ந்து மாணவர் ஆலோசகர் டால்டன் பேசறேன். பயப்படாதீங்க, பையன் நல்லா இருக்கான்."

இப்படி ஒருவர் பேச்சைத் தொடங்கினாலே யாரும் பயப்படத்தான் செய்வார்கள். மாவட்டச் சாலைத் துறை மேஸ்திரியான வெர்லின், மண்சாலையைச் சமன்செய்துகொண்டிருந்த வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"நடுப்பருவப் பரீட்சை மார்க் வந்திருக்கு. கால்குலஸ்ல உங்க வெர்லின் நாற்பத்தொண்ணு வாங்கியிருக்கான், நூத்துக்கு."

வெர்லின் கொஞ்ச நேரம் எதிரிலிருந்த சோளக்காட்டையே பார்த்தார். அந்த நாற்பத்தொன்று யாருடையது என்று அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவருடையதேதான்.

எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் தன் பெயரையே மகனுக்கும் வைத்துவிடுவதில் ஆண்களுக்கு ஒரு தனிப் பெருமை. அப்பாவும் வெர்லின் குச்செரா, பிள்ளையும் வெர்லின் குச்செரா. வீட்டில் பையனை ஜூனியர் என்று கூப்பிட்டுச் சமாளித்துவிடலாம். பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டருக்கு அந்தச் செல்லமெல்லாம் தெரியாது.

அகாடமி என்பது கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, பள்ளிக்கூடத்தின் கடைசி இரண்டு வருஷத்தைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே தங்கிப் படிக்க வைக்கும் இடம். பதினைந்து வயதுப் பொடியன்கள் மீசை வைத்த அண்ணன்மாரோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து அதே பரீட்சையை எழுதுவார்கள். ஜூனியர் ஆகஸ்டில் அங்கே சேர்ந்தான். அதே ஆகஸ்டில், யாரிடமும் மூச்சுவிடாமல், அவன் அப்பாவும் மாலை வகுப்பில் சேர்ந்தார்.

இளவயதில் இரண்டு முறை கால்குலஸில் கவிழ்ந்து, இஞ்சினியரிங் பட்டத்தைப் பாதியில் விட்டவர் வெர்லின். இது மூன்றாவது தடவை. இதிலும் விழுந்தால் நான்காவது தடவைக்குப் பல்கலைக்கழகம் இடம் கொடுக்காது. ஆகவே பாஸ் செய்துவிட்டே வீட்டில் சொல்வது என்று இருந்தார். செவ்வாயும் வியாழனும், கனத்த பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் விளையாடப் போவதாக மனைவி ஜோலீனிடம் சொல்லியிருந்தார். அவளும் சந்தோஷப்பட்டு, பந்து வைக்க ஒரு தோல் பை வாங்கித் தந்தாள். கால்குலஸ் புத்தகம் அதில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கனத்திலும் பந்துக்குக் குறைச்சலில்லை.

மார்க் வந்துவிட்டது என்று அவருடைய செல்போனுக்கும் காலையில் செய்தி வந்திருந்தது. திறந்து பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. இப்போது பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஜூனியர் கணக்கில் நாற்பத்தொன்று வாங்குவதாவது! கிழக்கே ஓடும் பிளாட் நதி மேற்கே திரும்பி ஓடினாலும் ஓடும்.

"மிஸ்டர் குச்செரா, இருக்கீங்களா? ஐம்பதுக்குக் கீழே போனா பெத்தவங்களோட ஒரு கூட்டம் வைக்கணும், அதான் விதி. அடுத்த வியாழக்கிழமை வெச்சுக்கலாம். அதுல ஒரு வழி பிறக்கலேன்னா பையனை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதா இருக்கும்."

உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் மகன் தாவிக் குதிக்கிற இடத்தில் அப்பன் மூன்றாம் தடவையாக மூக்குடைபட்டான் என்று அவர் வாயாலேயே எப்படிச் சொல்வார்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பரீட்சை அன்னிலேர்ந்தே அவனுக்குக் காய்ச்சல், மேடம்," என்றார்.

"காய்ச்சலா? விடுதியில யாருக்குமே தெரியாதே!"

அரைமணி நேரத்தில் நர்ஸ் போய் ஜூனியரைப் பிடித்துத் தனியறையில் அடைத்துவிட்டாள். சாயங்காலம் அவனிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, எனக்குக் காய்ச்சல்னு நீங்களா சொன்னீங்க?"

"ஆமாடா. நீ என்ன சொன்னே?"

"நானும் ஆமான்னுட்டேன். தெர்மாமீட்டர்ல ஒண்ணும் தெரியல. உள்காய்ச்சல்னு சொல்லிட்டேன்."

என்ன பிள்ளை! காரணம்கூடக் கேட்காமல் அப்பாவைக் காப்பாற்றுகிறானே என்று வெர்லினுக்கு நெஞ்சு நிறைந்தது.

"அப்பா, அந்த மார்க் விஷயமா நான் உங்ககிட்ட..."

"மார்க்கைப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"இல்லப்பா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"எனக்கு எல்லாம் தெரியும்டா. நான் பார்த்துக்கறேன். நீ நிம்மதியா இரு."



"எல்லாமேவா தெரியும்?"

"எல்லாமே."

"என்மேல கோவம் இல்லையா?"

"உன்மேல எதுக்குடா கோவம்?"

"உங்களை மாதிரி ஒரு அப்பா யாருக்குமே கிடைக்காதுப்பா," என்றான் ஜூனியர்.

தனியறையில் பையனை எத்தனை நாள் வாட விடுவது? மறுநாள் வெர்லின் டால்டனைக் கூப்பிட்டார். அது காய்ச்சல் இல்லை, வீட்டு ஏக்கம், சொல்லக் கூச்சப்பட்டு உள்காய்ச்சல் என்றிருக்கிறான் என்று மாற்றிப் போட்டார்.

"ஐயோ பாவம். வீட்டு ஏக்கத்துக்கு மருந்து அம்மாதான்," என்றாள் டால்டன். அடுத்த போன் ஜோலீனுக்குப் போனது.

ஜோலீன் ஒரு அண்டா சில்லி என்னும் கறி பீன்ஸ் குழம்பும் இரண்டு தட்டு சினமன் ரோல் ரொட்டியும் செய்து காரில் ஏற்றிக்கொண்டு அகாடமிக்குப் பறந்தாள். ஜூனியரின் கூட்டாளிகள் எட்டுப் பேர் சேர்ந்து அண்டாவை வழித்து வைத்துவிட்டார்கள். அவள் திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"வெர்லின், பையன் என் தோள்ல சாஞ்சு அழுதுட்டான்! மார்க்கைப் பத்திக் கேட்டா, அப்பாவுக்கு எல்லாம் தெரியும்கறான். அப்படி உனக்கு என்ன தெரியும்?"

"அது... கொஞ்சம் சிக்கலான விஷயம்."

"ஒரு சிக்கலும் வேண்டாம். அவனை வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாம். வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்."

வெர்லினுக்குப் பகீரென்றது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஜூனியர் தினமும் நூலகத்தில் தனியாக உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு சாப்பிடுவான். அவன் சொல்லும் ஜோக்குக்குச் சிரிக்க அங்கே ஒரு ஆள் கிடையாது. அகாடமியில் எட்டுப் பேர் சிரிக்கிறார்கள், சீட்டாடக் கூப்பிடுகிறார்கள், அவன் அம்மாவின் சில்லியைக்கூட மிச்சம் வைக்காமல் தின்கிறார்கள். தன்னுடைய வெட்கத்துக்காக அதையெல்லாம் பறிப்பதா?

மறுபடி டால்டனைக் கூப்பிட்டார். "மேடம், கூட்டிட்டுப் போற அளவுக்கு ஒண்ணுமில்ல. பாடத்தை இன்னொரு தடவை காதால கேட்டான்னா பிடிச்சுக்குவான்."

"அருமையான யோசனை! இன்னைக்கே ஏற்பாடு பண்றேன்," என்றாள் டால்டன்.

என்ன ஏற்பாடு என்று அன்று மாலை வகுப்புக்குள் நுழைந்ததும் தெரிந்தது. முதல் வரிசையில் ஜூனியர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான். காலையில் கேட்ட பாடத்தையே மாலையிலும் கேட்க அனுப்பிவிட்டாள் புண்ணியவதி.

வெர்லின் தொப்பியை மூக்கு வரை இழுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு ஓடினார். அங்கே டைரல் என்ற கால்பந்து வீரன் இரண்டு நாற்காலிக்குக் காணும் உடம்போடு உட்கார்ந்திருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் பதுங்கினார்.

"என்ன சார், யாருக்காவது கடன் பாக்கியா?" என்று டைரல் கிசுகிசுத்தான்.

"அதைவிட மோசம். அசையாம உட்காரு தம்பி, உனக்குக் கோடிப் புண்ணியம்."

பேராசிரியர் ஹால்வர்சன் வயதானவர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பாடம் நடத்துபவர். பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டுத் திரும்பாமலே கேட்டார்:

"மிஸ்டர் குச்செரா, இதுக்கு விடை என்ன?"

"சார்!" என்றது முன்வரிசை.

"சார்!" என்றது பின்வரிசை, பழக்க தோஷத்தில்.

ஜூனியர் திரும்பினான். வெர்லின் இருமுவதுபோல மேஜைக்கு அடியில் மறைந்தார். அப்படியே முழங்காலில் தவழ்ந்து, பௌலிங் பையை இழுத்துக்கொண்டு, பின்பக்கக் கதவைத் தள்ளினார். அது தீ விபத்து நேரத்தில் மட்டும் திறக்க வேண்டிய கதவு.

கட்டடம் முழுக்க மணி அலறியது. நாலு மாடி ஆட்களும் புல்வெளியில் கூடிவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வேறு வந்து நின்றது. அதிலிருந்து குதித்தவர், வெர்லினோடு சாலைத் துறையில் வேலை பார்த்த பழைய சிநேகிதர் கெர்மிட்.

"வெர்லின்! நீ இங்க என்ன பண்றே?"

"பௌலிங்," என்றார் வெர்லின், பையைத் தூக்கிக் காட்டி.

"கணக்குத் துறையிலயா?"

வெர்லின் இருட்டுப் பக்கமாக நழுவினார். ஆனால் கெர்மிட்டுக்கு விஷயம் வயிற்றில் தங்காது. அடுத்த நாள் காலையில் ஜோலீன் காபிக் கோப்பையை மேஜையில் டொக்கென்று வைத்தாள்.

"நேத்து சாயங்காலம் நீ காலேஜ்ல இருந்தியாமே. பௌலிங் கூடத்துக்குப் போன் போட்டேன். அப்படி ஒரு ஆளை நாங்க பார்த்ததே இல்லேங்கறாங்க. யாரு அவ?"

"ஐயையோ, அப்படியெல்லாம் யாரும் இல்ல ஜோலீன்!"

"அப்போ எங்க போறே?"

"வியாழக்கிழமை சொல்றேன். சத்தியமா."

"வாரத்துல ரெண்டு நாள்! உனக்குக் கறி மீட்லோஃப் பிடிக்குமேன்னு செஞ்சு மூடி வெச்சுட்டு நான் காத்துக் கிடந்தேனே!" என்றாள் ஜோலீன். அதற்குப் பிறகு வியாழக்கிழமை வரை வீட்டில் நாய் மட்டும்தான் அவரிடம் பேசியது.

வியாழக்கிழமை அகாடமி அலுவலகத்தில் நால்வரும் உட்கார்ந்தார்கள். டால்டன் பெட்டி நிறைய காகிதக் கைக்குட்டையை நடுவில் வைத்தாள்.

"இதைத் தோல்வின்னே நாம நினைக்க வேண்டாம்," என்று ஆரம்பித்தாள். "பேராசிரியர்கிட்ட பேசியிருக்கேன். மாலை வகுப்புல நல்லாப் படிக்கிற, பொறுமையான ஒருத்தரைப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பச் சொல்லியிருக்கேன். அது சரியா வந்தா ஜூனியர் இங்கேயே இருக்கலாம்."

"வேண்டாங்க," என்றாள் ஜோலீன். "இந்தக் குடும்பத்துல ஒருத்தர் முகமும் சரியில்ல. பேனாவைக் கொடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

"அம்மா, ப்ளீஸ்மா," என்றான் ஜூனியர். "நான் ஒரு விஷயம் சொல்லிடறேன். அந்த மார்க்..."

வெர்லினால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றார்.

"நீ உட்காருடா. நான் சொல்றேன். மேடம், அந்த நாற்பத்தொண்ணு இவனோடது இல்ல. என்னோடது."

பையைத் திறந்து புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஓரமெல்லாம் மடங்கி, காபிக் கறை படிந்து, பாடுபட்ட புத்தகம்.

"ஆகஸ்டுலேர்ந்து நானும் இங்கதான் படிக்கிறேன். ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, கம்ப்யூட்டர் குழம்பிடுச்சு. காய்ச்சலும் இல்ல, ஏக்கமும் இல்ல. மக்கு அப்பனோட மார்க்குக்காக என் பிள்ளையைத் தண்டிக்காதீங்க. மணி அடிச்சதும் நான்தான்."

ஜோலீன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"அப்போ அவ..."

"கால்குலஸ்."

ஜோலீன் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். "அட லூசு! என்கிட்ட சொல்லியிருந்தா காபி போட்டுக் கொடுத்திருப்பேனே!" என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க வெர்லினுக்கு இருந்த நெஞ்சுக் கனம் அந்த நிமிஷத்தில் இறங்கிவிட்டது. பாஸானால் என்ன, பெயிலானால் என்ன, இனி ஒளிய வேண்டாம். டால்டன் பெட்டியிலிருந்து கைக்குட்டையைத் தானே எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜூனியர் மட்டும் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா, எல்லாம் தெரியும்னு சொன்னீங்களே... அது இதுதானா?"

"இதேதான்டா. வேற என்ன?"

ஜூனியர் வாயைத் திறந்தான், மூடினான், காது வரைக்கும் சிவந்தான். பாவம், அப்பாவுக்காக எவ்வளவு வருத்தப்படுகிறான் என்று வெர்லின் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"கணக்கு வரலேன்னா ஒண்ணும் குடிமுழுகிடாதுடா. வராததை ஒளிச்சு வெச்சேன் பாரு, அதுதான் கேவலம். நீ என்னிக்கும் அப்படிச் செய்யாதே."

"சரிப்பா," என்றான் ஜூனியர், மிகச் சின்னக் குரலில்.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு பேராசிரியர் ஹால்வர்சன் உள்ளே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். வெர்லினைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, எனக்கு முன்னாடியே வந்துட்டாரா! மேடம், நாற்பத்தொண்ணு வாங்கின இந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க நல்ல ஆளாக் கேட்டீங்களே, என் மாலை வகுப்புல எண்பத்தாறு வாங்கி முதல்ல நிக்கிறவர் இவர்தான்!"