பீரங்கி தொந்தோனின் விரதம்

மொரீஷியஸை உலக யுத்தத்தில் காப்பாற்றியது இங்கிலீஷ்காரன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காப்பாற்றியவர் எங்கள் பீரங்கி தொந்தோன். அவரே சொன்னார்; ஞாயிறு தவறாமல் சொன்னார்.

தொந்தோன் என்றால் எங்கள் கிரியோல் பேச்சில் மாமா. கடலோரக் கரும்பாறை மேல் பீரங்கி வைத்திருந்த பட்டாளத்துக்கு அவர் சமையல்காரர். யுத்தம் முடிந்து பட்டாளம் போய்விட்டது. பீரங்கி நின்றது, தொந்தோனும் நின்றுவிட்டார். போர்ட் லூயிஸ் துறைமுக ஆபீஸ் குமாஸ்தாக்களான நாங்கள் லீவு நாளில் பஸ் பிடித்து அவரிடம் போய்விடுவோம்.

பதுங்குகுழியையும் காவல்மேட்டையும் ஒரே மூச்சில் காட்டிவிடுவார். சமையற்கட்டில்தான் அரை நாள் ஓடும்.

"இங்கதான் ஆக்டோபஸ் கறி வெச்சேன். வாசனை நடுக்கடல் வரைக்கும் போச்சு. எதிரி அரண்டு திரும்பிட்டான்!"

"பீரங்கி சுட்டுதா, தொந்தோன்?"

"சுடறதுக்கு எவன் கிட்ட வந்தான்?"

ஒரு ஞாயிறு போனபோது கதை இல்லை. பழைய இரும்பு வியாபாரி ஒருவர் பீரங்கியை ஏலத்தில் எடுத்துவிட்டாராம்; மறுநாள் வெட்ட ஆள் வருகிறதாம். தொந்தோன் பீரங்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது போனா நான் யாருடா?" என்றார்.

மறுநாள் ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டு ஓடினோம். பீரங்கிக்கு மேலிருந்து கீழ்வரை மஞ்சள், கறிக்கு வைத்திருந்தது அத்தனையும்! இடுப்பில் சிவப்புத் துணி, வாயில் எலுமிச்சம்பழம், எதிரே கற்பூரம் ஏற்றியபடி தொந்தோன். வெட்ட வந்தவர்கள் கரும்புத் தோட்டத்து நம் ஆட்கள். எங்கள் தீவில் கல்லுக்கு மஞ்சள் பூசினாலே சாமிதான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு விழுந்து கும்பிட்டார்கள்.

"வெட்டுங்கடா!" என்று கத்தினார் வியாபாரி.

"அய்யோ! நீங்களே வெட்டுங்க, முதலாளி. நான் பிள்ளைகுட்டிக்காரன்," என்றார் மேஸ்திரி.

வியாபாரி பீரங்கியை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்திருக்க வேண்டும். மெதுவாக ஷூவைக் கழற்றினார்.

கிளம்பும்போது மேஸ்திரி, "பூசாரி அய்யா, தைப்பூசக் காவடிக்கு நீங்களும் விரதம்தானே?" என்று கேட்டார்.

தொந்தோன் முகத்தில் ஈயாடவில்லை. மீன் இல்லாமல் அவருக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

"விரதம்தான்," என்றார் ஈனஸ்வரத்தில்.

இருந்தார். கண் மூடும்வரை ஒவ்வொரு காவடிக்கும் இருந்தார். எதிரியையே விரட்டிய மனுஷன் அந்த நாட்களில் மீன்கடையைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஓடினார். அத்தனையும் ஒரு குண்டுகூடச் சுடாத பீரங்கிக்காக.

இப்போதும் அங்கே போனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறேன். கும்பிடு மட்டும் தொந்தோனுக்கு.